அளவுக்குத் தைத்த ஜாக்கெட்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை உன் ஜாக்கெட்டுக்குள் மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நேற்று உன் மகள் புசல்லாவையிலிருந்து வந்து, "அம்மா ஞாபகமா வச்சுக்குங்க பெரியம்மா" என்று அந்த மெரூன் ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். பூச்சி உருண்டை வாசனைக்கு நடுவில் உன் பவுடர் வாசனை இன்னும் இருக்கிறது. காலையில் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போட்டேன். மூச்சை உள்ளே இழுத்துக் கொக்கியை மாட்டினேன். இப்போது அது கழல மாட்டேன் என்கிறது. மருமகள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள், வந்துதான் காப்பாற்ற வேண்டும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று பேனாவை எடுத்தேன். பிழை இருந்தால் சிரிக்காதே. நீயும் என்னோடு நாலாம் வகுப்பில் நின்றவள்தான்.

அப்போது நான் ஈர்க்குக் குச்சி, நீ கொழுந்து மூட்டை. உனக்குப் பெயர் வைத்தது நான்தான். தேயிலை மலையில் நிரைக்கு நிரை கேட்கிற மாதிரிக் கூப்பிடுவேன். நீயும் "என்னடி குச்சி" என்று திரும்புவாய். அதனால் உனக்கு அது வலிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு ஹேவாஹெட்ட பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கண்டிக்குப் படம் பார்க்கப் போவோமே. எந்தப் படமானாலும் கதாநாயகிக்கு ஒரு குண்டுத் தோழி இருப்பாள். அவள் வருவதே வழுக்கி விழத்தான். தியேட்டரே சிரிக்கும். நான் உன்னை முழங்கையால் இடிப்பேன். "வந்துட்டாடி உங்க அக்கா."

ஒரு நாள் திரும்பி வரும்போது நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய்: "விழுந்தவள ஒருத்தருமே தூக்கி விடல, பாத்தியா."

"படந்தானடி" என்று நான் கடலையைக் கொறித்தேன்.

அதற்குப் பிறகுதான் தையல்காரரிடம் எல்லாவற்றையும் ரெண்டு அங்குலம் லூசாக வைக்கச் சொன்னாய். போட்டோ பிடித்தால் எனக்குப் பின்னால் ஒளிந்தாய். குச்சிக்குப் பின்னால் மூட்டை எப்படியடி மறையும்? அந்தப் போட்டோக்களில் உன் முகம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் விழுந்திருக்கிறது.

அப்புறம்தான் கொழும்பிலிருந்து நம் தோட்டத்துக்குப் படம் எடுக்க வந்தார்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள் வேண்டும் என்றார்கள். நான் தலைக்கு எண்ணெய் வைத்து முதல் ஆளாய் நின்றேன். உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். டைரக்டர் உன்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க கூடையோட வழுக்கி விழணும். மத்தவங்க எல்லாம் சிரிக்கணும்."

 ஓடிவிடுவாய் என்று நினைத்தேன். நீ நிமிர்ந்து நின்றாய்.

"இந்த மலையில நான் ஒரு நாளும் விழுந்ததில்ல சேர். கூடையோட விழுந்தேன்னு படத்துல வந்தா, பறிக்கத் தெரியாதவன்னு பேசுவாங்க. விழத்தான் ஆள் வேணும்னா இவளக் கூப்பிடுங்க. இவ வாரத்துக்கு ரெண்டு தடவ விழுவா."

டைரக்டர் தலையைச் சொறிந்தார். எனக்கோ சந்தோஷம். கமராவுக்கு நேராக விழுகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? நடிக்கத் தேவையே இருக்கவில்லை. மழை ஈரத்தில் நிஜமாகவே கால் வழுக்கி, கீழே தண்ணீர் ஓடுகிற கான் வரைக்கும் உருண்டேன்.

சிரிக்க வேண்டிய பெண்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. கூடை கவிழ்ந்து பச்சைக் கொழுந்து கொட்டியதைப் பார்த்ததும் அத்தனை பேரும் குனிந்து அள்ள ஆரம்பித்துவிட்டார்கள். பின்னேரம் கொழுந்து நிறுவை இருக்கிறதே, எடை குறைந்தால் சம்பளம் போகும். "சிரிங்க, சிரிங்க" என்று டைரக்டர் கத்துகிறார். நீ உன் கூடையைக் கழற்றி வீசிவிட்டு, அந்த உடம்போடு மேலேயிருந்து ஓடி வந்தாய். ஒரே இழுப்பில் என்னைத் தூக்கி நிறுத்தி, "கண்ணு எங்கடி இருக்கு, எரும. அடிபட்டுச்சா?" என்று என் முழங்காலைத் தடவினாய். கமரா ஓடிக்கொண்டிருந்தது உனக்கு ஞாபகமே இல்லை.

படம் கண்டிக்கு வந்தபோது நீ வரமாட்டேன் என்றாய். "எல்லாரும் சிரிப்பாங்கடி." இழுத்துப் போனேன். இருட்டில் என் மணிக்கட்டை நீ பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. நான் விழுந்தேன், தியேட்டர் சிரித்தது. அடுத்து நீ ஓடி வந்தாய், வீடு பெரிசுக்கு, திரை முழுக்க. சத்தம் அடங்கிப்போனது. என்னைத் தூக்கி நிறுத்தியதும் யாரோ கை தட்டினார்கள். பின் வரிசைப் பொம்பிளை பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்: "யாரு இவ, எவ்வளவு லட்சணமா இருக்கா?"

நீ திரும்பிப் பார்த்து, "நாந்தாங்க" என்றாய்.

படம் முடிந்து நேரே தையல்காரரிடம் போனாய். "இந்தத் தடவ சரியா அளவுக்குத் தைங்க." அதுதான் இந்த ஜாக்கெட். அதைப் போட்டுக்கொண்டு அதே படத்தை இன்னும் மூன்று தடவை பார்த்தோம். நான் விழும் இடத்தில் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நீ.

போன வருசம் ஆஸ்பத்திரியில் மெலிந்து கிடந்தபோதும் விட்டாயா? "இப்ப நாந்தான் குச்சி, நீதான் மூட்டை" என்று என் இடுப்பைக் கிள்ளினாய். சரிதான். உன் அளவு எனக்குப் பத்தவில்லை.

ஒன்று மட்டும் உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. யார் விழுந்தாலும் சிரிக்கிறதுக்கு முன்னால் கை நீட்டிவிடுவேன். சிரிப்பு அப்புறம்.

இதை எழுதும்போதே மருமகள் குடத்தோடு வந்து வாசலில் வழுக்கி விழுந்தாள். எட்டிக் கை நீட்டினேன். ஜாக்கெட் முதுகுப் பக்கம் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் கிழிந்தது. மருமகள் தானாகவே எழுந்துகொண்டாள். கொக்கியைக் கழற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை.