சன்னலில் கவிழ்த்து வைத்த டம்ளர்

நங்கையா,

உங்கள் டம்ளரைக் கேட்டு வந்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் கம்பு புடைத்துக்கொண்டிருந்தேன். நம் சபை உபதேசியாரும், இப்போது மூப்பராக இருக்கிற சாமுவேலும் வந்து வாசலில் நின்றார்கள். சாமுவேல் நீங்கள் போனபின் தலையெடுத்தவன். எதையும் சுற்றி வளைத்துத்தான் பேசுவான். மழை வருமா என்றான், என் முழங்கால் வலி எப்படி என்றான். கடைசியில், "பெரீம்மா, அந்த அலுமினிய டம்ளரு உங்க ஊட்லதான் இருக்குதுன்னு சொன்னாங்க," என்றான்.

"எந்த டம்ளரு?" என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன். அவன் வாயால் வரட்டும் என்று இருந்தேன்.

"அதானுங்க, கோயில் சன்னல்ல இருந்துச்சே."

"அது சபைச் சொத்தில்லீங்க. எங்க நங்கையாளோடது, எங்கண்ணன் சம்சாரத்துது. யோசிச்சுச் சொல்றனுங்க," என்று அனுப்பிவிட்டேன். அவர்கள் தலை மறைந்ததும் பெட்டியைத் திறந்தேன். ஊசி போட்ட இடத்தைத் துடைக்க நீங்கள் வைத்திருந்த சேலைத் துண்டில்தான் அதைச் சுற்றி வைத்திருக்கிறேன். பிரித்தவுடன் உங்களுக்கு ஊசியில் ஏற்றிய நீரடிமுத்து எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. ஆறு வருஷமாகியும் போகவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள், அந்த வாடை போகவில்லை.

எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு. என் எழுத்தைப் பார்த்துப் பேத்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எழுத்துத்தான் கோணல், ஞாபகம் கோணலில்லை.

மாதம் ஒருமுறை சேலத்திலிருந்து போதகர் வரும்போது நம் கோயிலில் அப்பமும் ரசமும் பங்கிடுகிற திருவிருந்து நடக்கும். அதற்கு உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சி ரசம் எடுப்பது உங்கள் வேலை. வேறு யார் காய்ச்சினாலும் புளித்துப்போகும் என்பார்கள். பதினைந்து வருஷத்துக்கு முந்தி ஒரு சனிக்கிழமை நான் உங்கள் அடுப்படிக்கு வந்தபோது கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்கி வைத்தீர்கள். விரல் வெந்து தோல் உரிந்து தொங்கியது. நீங்கள் அதைக் கவனிக்காமல் என்னிடம் குழந்தைக்குப் பால் கொடுத்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"நங்கையா, கை வெந்து கெடக்குது!"

குனிந்து பார்த்தீர்கள். முழங்கைக்குக் கீழே வெளுத்திருந்த தேமலையும் பார்த்தீர்கள். "சுடவே இல்லியே அம்மிணி," என்றீர்கள்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் வாரம் ஒருநாள் டாக்டர் வந்து ஊசி போடுவார். அங்கே போய்க் கேட்டோம். பெருவியாதிதான், குஷ்டம்தான் என்றார். ஆரம்பம்தான், விடாமல் ஊசி போட்டால் தீரும் என்றார். வரும் வழியெல்லாம் நான் உங்களிடம் ஒன்றையே சொன்னேன். "யாருகிட்டயும் சொல்லாதீங்க. சேலைத் தலப்ப இழுத்துப் போத்திக்கங்க."

அடுத்த திருவிருந்து வந்தது. நம் கோயிலில் ஒரே பாத்திரம். பாய் வரிசையில் கை மாறி வரும், வாய் மாறி வரும். நீங்கள் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினீர்கள். என் மடியில் கைக்குழந்தை, என் மாரில் பால். பாத்திரத்தை வாங்கி உதட்டில் வைத்தேன். உதட்டைத் திறக்கவில்லை. குடித்ததுபோல் தொண்டையை அசைத்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

நான் யார் யார் மேல் வன்மம் வைத்திருக்கிறேன் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். என் பேரும் அதில் உண்டு என்பது உங்களுக்கு மட்டும் தெரியும்.

கோயில் விட்டு வெளியே வந்ததும் நான் அழுதேன். நீங்கள் குழந்தையை வாங்கவில்லை, தள்ளியே நின்றீர்கள். "பயப்படறது பாவமில்ல அம்மிணி. பயத்துக்குச் சாமி பேர வெக்கறதுதான் பாவம்," என்றீர்கள். நான் இரண்டாவது பாதியை அன்றைக்குக் கேட்கவே இல்லை. முதல் பாதி போதுமாக இருந்தது.

அந்த வாரமே நீங்களாகப் போய் மூப்பரிடம் சொல்லிவிட்டீர்கள். அப்போதைய மூப்பர், நெட்டை ஆள், குரலெடுத்தால் கோயில் ஓடு அதிரும். அவர் உங்களை வெளியே போகச் சொல்லவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பாயின் கடைசியில் உட்காரச் சொன்னார். திராட்சை காய்ச்சும் வேலையை வேறு வீட்டுக்கு மாற்றினார். சந்தையில் புதிதாக ஓர் அலுமினிய டம்ளர் வாங்கி வந்து சன்னலில் வைத்தார். "உம்பட பங்கு இதுல, ஆத்தா. சாமி பொதுவுதான், பாத்தரந்தான் வேற," என்றார். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

முதல்நாள் உங்களுக்கு ஊற்றியதை நினைத்துப் பார்க்கிறேன். எல்லாரும் குடித்தபின் மூப்பர் பொதுப் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்து, டம்ளர் மேல் படாமல், ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினார். நீங்கள் குடித்தீர்கள். பின்பக்கம் போய்ச் சாம்பல் போட்டு நீங்களே தேய்த்தீர்கள். சன்னலில் கவிழ்த்து வைத்தீர்கள்.

எனக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது. நிலத்துக்காரப் பண்ணாடி வீட்டு வேலிக்கு வெளியே நின்று நம் அப்பன்மார் அப்படித்தான் குடித்தார்கள். மேலிருந்துதான் ஊற்றினார்கள். குடித்த கொட்டாங்குச்சியைக் கழுவி வேலியில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகவேண்டும். அந்தக் கொட்டாங்குச்சியை விட்டெறிய வேண்டும் என்றுதானே உங்கள் அய்யன் ஞானஸ்நானம் எடுத்தார்? வெள்ளைக்காரப் போதகர் குடித்த பாத்திரத்தில் தானும் வாய் வைத்துக் குடித்த அன்று, உதட்டைத் துடைக்காமலே வீடு வரைக்கும் நடந்து வந்தார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? மூப்பரின் அய்யனும் அதே பாயில், அதே நாளில் குடித்தவர்தான். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு இன்னொரு கொட்டாங்குச்சி செய்ய எப்படி மனசு வந்தது?

வழியெல்லாம் உங்களிடம் சண்டை போட்டேன். "உங்க அய்யன் வேலியில கவுத்துன கொட்டாங்குச்சிய நீங்க சன்னல்ல கவுத்தறீங்களா? மூஞ்சில வீசியெறியறத உட்டுட்டு!"

"எறிஞ்சுட்டா எம் பங்கு போயிரும் அம்மிணி. டம்ளரு அவங்களுது. அதுக்குள்ள இருக்கறது எம்பட சாமியுது."

உங்களால் அப்படிப் பிரித்துப் பார்க்க முடிந்தது. என்னால் இன்றுவரை முடியவில்லை.

மூன்று வருஷம் ஊசி போட்டீர்கள். குத்திய இடமெல்லாம் கட்டி கட்டியாக வீங்கும், அந்த எண்ணெய் வாடையில் சோறு இறங்காது. ஒருவாரம் தவறவில்லை. கடைசியில் தொத்து இல்லை என்று டாக்டர் காகிதம் எழுதிக் கொடுத்தார். நானே அதைக் கொண்டுபோய் மூப்பரிடம் நீட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். "டாக்டர் காயிதம் ஒடம்புக்கு. சபைக்கு நாந்தான பதில் சொல்லோணும். இந்தக் கொழந்த குட்டிக்காரங்க கேட்டா என்ன சொல்றது?"

"நாந்தான் கொழந்தக்காரி. நான் கேக்கல," என்றேன்.

"நீ கேக்க வேண்டாம். கர்த்தர் சபையச் சுத்தமா வெக்கச் சொல்லியிருக்கறாரு," என்றார்.

அப்போதுதான் நங்கையா, நீங்கள் சொன்னதன் இரண்டாவது பாதி எனக்குக் கேட்டது.

முதல் மூன்று வருஷத்தை மூப்பருக்கு விட்டுக்கொடுக்கிறேன். நோய் நோய்தான், பயம் பொய்யில்லை, என் உதடே சாட்சி. அதற்கப்புறம் ஆறு வருஷம் இருக்கிறதே, காகிதம் கையில் இருந்த ஆறு வருஷம், அதை நான் விடமாட்டேன். நீங்கள் சாகும் மட்டும் அந்த டம்ளரில்தான் குடித்தீர்கள். விஷக்காய்ச்சலில் போனீர்கள், பெருவியாதியில் அல்ல. அடக்கம் முடிந்து எல்லாரும் கை கழுவப் போனபோது நான் கோயிலுக்குள் போய்ச் சன்னலிலிருந்து டம்ளரை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். மூப்பர் பார்த்தார். வழி விட்டு நின்றார்.

இப்போது எதற்கு அதைக் கேட்டு வருகிறார்கள் என்று சொல்கிறேன், கேளுங்கள். நம் பழைய மூப்பருக்குச் சயரோகம். ஆள் பாதியாகிவிட்டார். துண்டில் இரத்தம் படுகிறது. ஆஸ்பத்திரியில் தொத்தும் நோய் என்று சொல்லியே அனுப்பினார்கள். இந்த மாதத் திருவிருந்துக்கு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறாராம். சாமுவேலுக்குப் புது டம்ளர் வாங்கத் தோன்றவில்லை. பழையது ஒன்று இருக்கிறதே என்று என் வாசலுக்கு வந்துவிட்டான்.

பொய் சொல்லமாட்டேன், முதலில் சந்தோஷப்பட்டேன். கொடுத்துவிடலாம், அதே சன்னலில், அதே சாண் உயரத்தில் அவருக்கு ஊற்றட்டும், நான் முன்னால் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று நினைத்தேன். அதைச் சொல்லிவிட்டு வரத்தான் மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன்.

வேப்பமரத்தடியில் கட்டிலில் கிடந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"ஏனுங்க மூப்பரே, டம்ளரு எங்கிட்டத்தான் இருக்குதுங்க," என்றேன்.

"தெரியும். நீ எடுத்துட்டுப் போனதப் பாத்தனே." இருமினார். நெடுநேரம் இருமினார். "குடுத்தனுப்பு அம்மிணி. அதுலயே குடிச்சுக்கறேன். எனக்கு அதுதான் ஞாயம்."

அந்தச் சொல்லில் என் சந்தோஷம் செத்துப்போயிற்று. "ஞாயத்த நீங்க சொல்லாதீங்க. அன்னிக்கும் நீங்கதான் சொன்னீங்க. ஒங்களுக்கு நீங்களே தண்டன போட்டுக்கிட்டு லேசாப் போயிரலாம்னு பாக்கறீங்களா? அந்த டம்ளர நாந் தரமாட்டன்."

"அப்ப நான் எதுல குடிக்கறது?" என்றார். குழந்தை கேட்பதுபோல் கேட்டார். அந்த நெட்டை ஆள்.

திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் குடித்த பாத்திரத்தில் என் பேத்தி வாய் வைக்கக்கூடாது, அது நிச்சயம். அவரைத் தனியே வைக்கவும் கூடாது, அதுவும் நிச்சயம். இரண்டு நாள் கம்பு புடைக்கவும் கை ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்றேன். பெண்பிள்ளை எழுந்து பேசுவது வழக்கமில்லை. "டம்ளரு ஒருத்தருக்கு மட்டும்னா நாந் தரமாட்டனுங்க. நோய்க்குக் காவல் வேணும், சரி. எல்லாருந்தான் காவல் காக்கோணும். ஞாயித்துக்கெழம ஆளுக்கொரு டம்ளரு அவங்கவங்க ஊட்லருந்து கொண்டாங்க. எல்லாருக்கும் தனின்னா யாரும் தனியில்ல," என்றேன்.

"பெரீம்மா, காலங்காலமா ஒரே பாத்தரமுங்களே," என்று சாமுவேல் இழுத்தான்.

"எங்க நங்கையா சன்னலோரம் ஒக்காந்திருந்த ஒம்பது வருசமும் இங்க ரெண்டு பாத்தரம். ஒனக்கு எண்ணத் தெரியாதா?"

பின்னாலிருந்து ஒரு கிழவர், "நான் சொம்பு கொண்டாந்தா சொம்பு நெறைய ஊத்துவாங்களா?" என்று கேட்டார். சிரிப்பில் கூட்டம் கலைந்தது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பித்தளை, வெண்கலம், காது உடைந்த பீங்கான், ஒரு மண்கலயம் என்று பாய் வரிசையில் ஆளுக்கொன்று இருந்தது. போதகர் பார்த்துத் திகைத்தார். உபதேசியார் காதில் சொன்னதும் தலையசைத்தார். ரசம் நான் காய்ச்சியது. நீங்கள் காய்ச்சுகிற பதம் வரவில்லை, கொஞ்சம் கசந்தது. போதகர் எல்லாருக்கும் மேலிருந்துதான் ஊற்றினார். மூப்பருக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். மூப்பர் காற்றோட்டமாக வாசற்படி ஓரத்தில், தன் வீட்டு வெண்கல டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். தலை குனிந்தார்.

நான் அவரை மன்னித்தேனா என்று கேட்காதீர்கள். அது உங்கள் வேலை, நீங்கள் எப்போதோ முடித்துவிட்டீர்கள். நான் அவர் பங்கைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான். என்னால் ஆனது அவ்வளவுதான், அதற்கு மேல் கர்த்தர் கேட்டால் நேரில் பேசிக்கொள்கிறேன்.

உங்கள் டம்ளரில் நான் குடித்தேன். வாயைத் திறந்து குடித்தேன், நங்கையா. வீட்டுக்கு வந்து கழுவினேன். இனி அது பெட்டிக்குள் போகாது. அடுப்படிப் பலகையில் இருக்கிறது, நிமிர்ந்து.