எரியோட்டு மழை

இன்று காலை செம்பட்டியில் நான் ஏறிய பஸ் பேகம்பூரை நெருங்கும்போது, ஆவாரம்பட்டையில் தோல் ஊறும் வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சே, என்னா நாத்தம்! இந்தத் தோல் ஷாப்பையெல்லாம் ஊருக்கு வெளிய கொண்டுபோகக் கூடாதா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். அவர் மூக்கைப் பொத்திய அதே நேரத்தில் நான் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். உன் சட்டையில், உன் புத்தகங்களில், உன் அம்மா கொடுத்தனுப்பும் ரொட்டியில்கூட இருந்த வாடை அது. நீ போய் ஆறேழு வருஷம் ஆகிறது, வாடை மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு அதன்மேல் கோபம்தான் வந்தது.

நான் வந்த காரணத்தைக் கேட்டால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். இங்கே ஒரு வாசகர் மன்றத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பத்திரிகையில் நாலைந்து கதை வந்துவிட்டால் போதும், செம்பட்டிப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் பொன்னாடை கிடைத்துவிடுகிறது. 'நான் எழுதக் கற்ற விதம்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். உன்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், வேறு எதைச் சொன்னாலும் பொய். மேடையில் ஏறியதும் அந்தப் பொய்யைத்தான் சொன்னேன். நிறையப் படிக்க வேண்டும், நிறைய எழுத வேண்டும் என்று யாரும் சொல்லக்கூடியதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நன்றாகக் கை தட்டினார்கள். அங்கே சொல்லாமல் விட்டதை இப்போது பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்பதும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

நம் கல்லூரியின் சனிக்கிழமைக் கட்டுரை வகுப்பு உனக்கு நினைவிருக்கும். நினைவிருக்கும் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை. அந்த வகுப்புக்கு ஒரே ஒரு விதி. எழுதியவன் தன் கட்டுரையைத் தானே வாசிக்கக் கூடாது. பெஞ்சில் பக்கத்தில் இருப்பவன்தான் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அவன் வாசித்து முடிக்கும்வரை எழுதியவன் வாயைத் திறக்கக் கூடாது. முதல் சனிக்கிழமை எங்கள் ஊர் எரியோட்டிலிருந்து வரும் பஸ் தாமதமாகி நான் கடைசியாக வந்தேன். உன் அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை, அந்த வாடைக்குப் பயந்து உன் பக்கத்தில் ஒருவனும் உட்காரவில்லை. எனக்கும் வேறு இடம் இல்லை. நான் எழுத்தாளன் ஆனது அந்த ஓட்டை பஸ்ஸின் புண்ணியத்தில்தான்.

நான் எழுதிய முதல் கட்டுரை மழையைப் பற்றியது. கருமுகில்கள் கடலென எழுந்து வந்தன, கன்னியாம் நிலமகள் களிநடம் புரிந்தாள், காடும் கழனியும் கவின் பெற்றன என்று ஒரு பக்கம் முழுக்கக் கொட்டியிருந்தேன். அப்போதெல்லாம் மேடையில் அப்படித்தான் பேசினார்கள், நாங்களும் அப்படித்தான் எழுதினோம். நீ கம்பீரமாகத்தான் ஆரம்பித்தாய். களிநடத்தில் உன் குரல் லேசாகத் தடுக்கியது. கவின் பெற்றபோது இன்னொரு முறை தடுக்கியது. ஆசிரியர் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் நீ என் தோளில் கை போட்டாய்.

"ஏலே அப்பு, ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காத. எரியோட்டுல என்னைக்குப்பா இம்புட்டு மழ பேஞ்சுச்சு?"

"பேஞ்சதில்ல. அதுக்கு என்ன இப்ப? கட்டுரைன்னா அப்பிடித்தான் எழுதணும்."

"சரி, பேஞ்சா எப்பிடி இருக்கும்?"

"புழுதி வாடை வரும். எங்கப்பா வெளிய வந்து நின்னு அண்ணாந்து பாப்பாரு. அவரு பாக்கையிலயே நின்னுபோகும்."

"இத எழுதியிருக்கலாம்ல?"

ஒரு வாரம் நான் உன்னோடு பேசவில்லை. 'நன்று' வாங்கியவனிடம் தோல் ஷாப்புக்காரன் மகன் குறை சொல்வதா என்று அம்புட்டு ஆத்திரம். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் என் தாள் உன் கையில்தான் இருந்தது. அதிலும் நீ தடுக்கிய இடங்களெல்லாம் நான் பொய் சொன்ன இடங்கள்தான் என்று எனக்கே தெரிந்துபோயிற்று. அதிலிருந்து நம் இருவருக்குள்ளும் அதற்குப் பெயர் 'எரியோட்டு மழை'. வகுப்பில் யாராவது நிலவைக் கூப்பிட்டு அழவைத்தால் நீ பெஞ்சுக்கடியில் என் காலை மிதிப்பாய். வாய்விட்டுச் சிரித்து இரண்டு பேரும் வெளியே நின்றதும் உண்டு.

நான் எழுதக் கற்றது இவ்வளவுதான். ஆசிரியரின் சிவப்பு மையில் நான் எதையும் கற்கவில்லை. உன் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றேன். உண்மையான வரியில் உன் குரல் தானாக நடக்கும். நான் ஆள் ஏய்க்கப் பார்த்த வரியில் கால் இடறும். நீ வேண்டுமென்று செய்யவில்லை, உனக்கு அப்படித்தான் வாசிக்க வரும். கொஞ்ச நாளில், ஊரில் கிணற்று மேட்டில் உட்கார்ந்து எழுதும்போதே உன் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது. நீ எங்கே இடறுவாயோ அங்கே என் பேனா நின்றுவிடும்.

அந்தக் கிணற்றைப் பற்றி எழுதிய கட்டுரைதான் நான் எழுதியதில் உருப்படியானது. தண்ணீர் வற்றிய கோடை. அப்பா உள்ளே இறங்கினார். மேலே ஏறி வரும்போது ஒரு கையில் ஈர மண் வைத்திருந்தார். அதை அம்மாவிடம் காட்டினார், பிறகு கீழே போட்டுவிட்டுக் கை கழுவாமலே சாப்பிட உட்கார்ந்தார். இதற்குமேல் நான் எதுவும் எழுதவில்லை. நீ ஒரு இடத்திலும் தடுக்காமல் வாசித்து முடித்தாய். டீக்கடைக்கு வந்த பிறகு கேட்டாய்.

"அந்த மண்ண உங்கம்மாகிட்ட எதுக்குக் காட்டுனாரு?"

"தெரியலடா. காட்டுனாரு."

"அதான். தெரியாதத தெரியாமலே எழுதிருக்க. விட்ரு, அத மாத்திராத."

நீ எழுதுவது குறைவு. அரைப் பக்கம், அதிலும் பாதி அடித்தல். நான் அதை வாசிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு மேஜையில் நகத்தால் கீறிக்கொண்டிருப்பாய். "எனக்கு எழுத வராதுடா. எது சரியில்லேன்னு மட்டும் தெரியுது. இது என்ன பொழப்பு?" என்று ஒருநாள் சொன்னாய். விளையாட்டாகத்தான் சொன்னாய் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அந்தக் கேள்வி என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறது. எது சரியில்லை என்று சொல்ல ஆள் இல்லாமல் எழுதுவது மட்டும் என்ன பிழைப்பு?

கடைசி வருஷத்தில் உன் குரல் கம்மியது. "சளிடா, பனங்கற்கண்டு போட்டா சரியாயிரும்" என்றாய். பனங்கற்கண்டு தீர்ந்தது, சளி தீரவில்லை. நீ பரீட்சைக்கு வரவில்லை. நான் படிப்பை முடித்து செம்பட்டியில் வேலையில் சேர்ந்த சமயம், காசம் தொண்டையில் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக உன் அத்தா சொன்னார். தோல் தரம் பிரித்துக் காய்த்துப்போன கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊசி போடுறாக. நல்ல ஊசியாம்" என்றார். உன் உடம்பில் வேறு எந்த இடத்திலும் இறங்காமல் அது ஏன் தொண்டையில் போய் இறங்க வேண்டும்? இதை நான் யாரிடம் கேட்பது? கேட்டுப் பார்த்தேன், எங்கள் சாமியிடமும் கேட்டேன், உன் தர்கா வாசலில் நின்றும் கேட்டேன்.

உனக்கென்று ஒரு கதை எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன். உன் அம்மா வாசல்படியோடு ஒரு முக்காலியைப் போட்டு, "அங்கனயே உக்காருப்பா. கிட்டக்கப் போகாத" என்றார். நீ சுவரோரம் படுத்திருந்தாய். வாசிக்க உன்னால் முடியாது. அதனால் விதியை மீறி, முதல் தடவையாக, நான் எழுதியதை நானே வாசித்தேன். உன் குரல் தடுக்கியிருக்கக்கூடிய இடத்திலெல்லாம் நீ ஒரு விரலைத் தூக்கினாய், நான் தாளில் கோடு போட்டுக்கொண்டேன். பழைய சனிக்கிழமை திரும்பிவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது.

கதையின் கடைசித் தாளில் நோயாளி எழுந்துவிடுகிறான். சனிக்கிழமை வகுப்புக்கு நடந்து போய், நண்பனின் கட்டுரையைக் கணீரென்று வாசிக்கிறான். அந்தத் தாளை நான் ஆரம்பித்ததும் உன் விரல் மேலே போனது. நான் வாசித்து முடித்த பிறகும் அது கீழே இறங்கவில்லை. காற்று மட்டும் வந்த குரலில் நீ சொன்னதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"எரியோட்டு மழ."

"தெரியும்டா. மாத்திர்றேன்" என்றேன்.

உன் அம்மா, "அவன் செத்த நேரம் தூங்கட்டும்ப்பா" என்றார். நீ கையை நீட்டித் தாள்களைக் கேட்டாய். அம்மா தடுக்கத் தடுக்கக் கிட்டே வந்து கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசித் தாளை மட்டும் எடுத்துக்கொண்டாய். மீதியை என்னிடம் தந்துவிட்டு, அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாய். "சரிலே, வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு நான் வந்தபோது நீ இல்லை. சேதி செம்பட்டிக்கு வந்து, நான் பஸ் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அந்தத் தாளைப் பற்றி உன் அத்தாவிடம் எப்படிக் கேட்பது என்று திணறிக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்: "பாயி, தலகாணி எல்லாத்தையும் எரிச்சுட்டோம்ப்பா. டாக்டர் எரிக்கச் சொல்லிட்டாரு."

அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேள். கல்லூரியில் உனக்கு இரங்கல் கூட்டம். நான் எழுத வேண்டும், வழக்கப்படி இன்னொருவன் வாசிக்க வேண்டும். 'அவன் வாசிப்பான். நாங்கள் கேட்டோம். இனிமேல் வாசிக்கமாட்டான்' என்று தொடங்கி, அரைப் பக்கத்தில் முடித்திருந்தேன். நீ இடறாமல் வாசித்திருப்பாய். வாசிக்க எழுந்தவனோ நம் செட்டிலேயே பெரிய மேடைப் பேச்சாளன். என் அரைப் பக்கம் அவனுக்குப் போதவில்லை. பூத்த மலர் உதிர்ந்தது என்றான், புன்னகை நிலவு மறைந்தது என்றான், தமிழன்னை தலைவிரித்துக் கதறுகிறாள் என்றான். எழுதியவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. நான் உட்கார்ந்திருந்தேன். மண்டபமே அழுதது. உன்மேல் எரியோட்டு மழை கொட்டித் தீர்த்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலை நகர்த்தித் தேடினேன், மிதிக்க உன் கால் இல்லை. அப்போதுதான் நீ செத்துப்போனது எனக்கு உறைத்தது.

பிறகு வந்த கதைகள் எல்லாம் நீ இருந்தபோது பாதி எழுதியவை. அவை தீர்ந்துவிட்டன. இப்போது எழுத உட்கார்ந்தால் என் குரல்தான் எனக்குக் கேட்கிறது. அது எதற்கும் தடுக்குவதில்லை, எல்லாவற்றையும் நன்று நன்று என்கிறது. முன்னெல்லாம் கண்ணை மூடினால் உன் குரல் வரும். போன வருஷத்திலிருந்து அதுவும் சரியாக வருவதில்லை. உன் முகம் இருக்கிறது, வாய் அசைகிறது, சத்தம் இல்லை. 'உன் எழுத்தில் அவன் வாழ்கிறான்' என்று ஒரு பெரியவர் ஆறுதல் சொன்னார். எனக்கு யாரோ காலை மிதித்தது போல இருந்தது.

பொன்னாடை இந்த மேஜைமேல்தான் கிடக்கிறது. பையில் அந்தக் கதை இருக்கிறது, கடைசித் தாள் இல்லாமல். நீ விரல் தூக்கிய இடங்களையெல்லாம் திருத்திவிட்டேன். முடிவை மட்டும் எழுத முடியவில்லை. நீ செத்துப்போவதாக எழுதினால் அதுதான் உண்மை. எழுதிப் பார்க்கிறேன். எழுதும்போதெல்லாம், நீ அந்தத் தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தது கண்முன் வந்து பேனா நின்றுவிடுகிறது. பொய் என்று விரல் தூக்கியவன் நீதான். அந்தப் பொய்யை ஏன்டா உன்னோடு வைத்துக்கொண்டாய்?

எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாமலே எழுதியிருக்கிறேன். மாற்றமாட்டேன். வாசிக்கத்தான் நீ இல்லை.