முதல் வெட்டுக்கு யாரும் வரவில்லை

பெங்களூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ரூபினிக்கு, அப்பா தனக்கோடி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அவளுக்கு முட்டி வலி மட்டும் மழை வந்தால் வருகிறது, என்னைத் திட்டினால் போய்விடுகிறது. வியன்னாவில் குளிர் தொடங்கியிருக்கும், நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய். இதில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

போன வாரம் அழுதுகொண்டே கேட்டாயே, நீ கோடையில் சோதனைக்கு மண்ணும் தண்ணீரும் எடுத்து வந்த நாட்டிலிருந்து, சண்டையில் சுட்டுத் தள்ளிய குண்டுகளின் பித்தளை ஓடுகள் கண்டெய்னரில் இங்கே வருகிறதாமே, வாங்குகிற காயலான் கடைக்காரர்களில் நீங்களும் ஒருத்தரா என்று. உண்மைதான் கண்ணு, பேச்சு நடந்துகொண்டிருந்தது. சரக்கு பாதி விலை, எந்த வியாபாரிக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த ஓடுகளைச் சுத்தம் செய்யாமல் கப்பலேற்றக் கூடாது என்று தெருவில் நிற்கிற கூட்டத்தில் நீ முன்வரிசையில் நிற்கிறாய். வாங்குகிறவன் உன் அப்பன் என்றால் நீ எந்த முகத்தோடு நிற்பாய், அது எனக்குப் புரிந்தது. நீ அனுப்பிய அறிக்கையை உன் தம்பி ஹரிஷ் உட்கார்ந்து தமிழில் சொன்னான், மூன்றாவது பக்கத்தில் நான் தூங்கிவிட்டேன், கோபிக்காதே. அதில் இருந்த ஒரு கிணற்றுப் போட்டோதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கிறது, மேலே பலகை அடித்து மூடியிருக்கிறது, பக்கத்தில் அந்த ஊர் மனுஷன் ஒருத்தன் விலைக்கு வாங்கிய தண்ணீர்க் கேனோடு உட்கார்ந்திருக்கிறான். சண்டை நின்ற பிறகும் ஈயமும் வெடிமருந்தும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறதாம். ஏப்ரல் மாதம் டேங்கர்காரன் பின்னால் ஓடுகிற பெங்களூர்க்காரனுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்.

ஆனால் நான் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. ஒரு கண்டெய்னரை நாலு கடை பங்கு போட்டுத்தான் எடுப்போம், உனக்குத் தெரியும். நான் விலகினால் வெங்கடராமன் என் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பான். அதனால் செவ்வாய்க்கிழமை டீக்கடையில் எல்லாரும் கூடினபோது நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். பிறகு வழக்கத்தை மட்டும் ஞாபகப்படுத்தினேன். புதுச் சரக்கு இறங்கினால் முதல் வெட்டுக்குப் பூசை போட்டு, பூசணிக்காய் சுற்றி, பங்குதாரர்கள் குடும்பத்தோடு வந்து நிற்பது நம் மார்க்கெட்டில் எப்போதும் உள்ளதுதானே. “நம்ம குடோன்லயே வெச்சுக்கலாம், எங்க வீட்ல வனஜா கேசரி பண்ணுவா. வெங்கடராமா, பேரனத் தூக்கிட்டு வா. மொதல் ஓட்டுல தீ வெக்கறப்போ நாம நாலு பேரும் பக்கத்துல நிக்கணும்” என்றேன்.

 உடனே வெங்கடராமனுக்குச் சரக்கு இறங்கும் நாளன்று ஓசூரில் கல்யாணம் இருப்பது ஞாபகம் வந்தது. சரி, மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்றேன், மறுநாள் அவனுக்கு பிரஷர். கிருஷ்ணப்பா மட்டும், உள்ளே வெடிக்காதது ஒன்றிரண்டு கலந்திருந்தால் என்ன செய்வது என்று மெல்லக் கேட்டான். நம்ம மஞ்சுநாத்தானே கேஸ் கட்டர் பிடிக்கப் போகிறான் என்றேன். குடோன் சாவி கொடுக்க வந்து நின்ற மஞ்சுநாத் சிரித்துக்கொண்டே, “நான் வெட்டறேன் அண்ணா, நீங்கல்லாம் வந்து நின்னா” என்றான். கிருஷ்ணப்பா கிளாசைக் கீழே வைத்துவிட்டு, “பேடப்பா, நமக்கு இந்தச் சரக்கு வேணாம்” என்றான்.

அதற்குப் பிறகுதான் கிணற்றுக் கதையை எடுத்தேன். ஓடுகளைக் கழுவின தண்ணீர் ராஜகாலுவே வாய்க்காலில் ஓடி நம் ஏரியில்தான் சேரும் என்பதையும் சொன்னேன். பொண்ணு ஆட்டி வைக்கிறபடி ஆடுகிறாயா என்று வெங்கடராமன் குத்தினான். ஆமாம், உனக்கும் ஒன்று இருந்தால் தெரியும் என்றேன், கூட இருந்தவர்கள் சிரித்ததில் அவனும் சிரித்துவிட்டான். சுத்தம் செய்து, பரிசோதித்த சர்டிபிகேட்டோடு வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் நாலு கடையும் தொடாது என்று ஏஜெண்டுக்கு அங்கேயே போன் போட்டுச் சொல்லிவிட்டோம். இனி தலை நிமிர்ந்து நில்.

ஆனால் ஒன்று. நாங்கள் கதவை மூடினால் அந்தக் கண்டெய்னர் வேறு ஊர்க் கதவைத் தட்டும், அதுதான் வியாபாரம். ஓசூர், சேலம் கடைக்காரர்கள் எனக்குப் பழக்கம், நானே போய்ப் பேசுகிறேன். அந்தப் பெரிய அறிக்கையை அவர்களிடம் நீட்டினால் அதில் வடை மடிப்பார்கள். ஒரே பக்கம் போதும், கிணற்றுப் படம் மேலே, கீழே தமிழ், கன்னடம், உருது, பெரிய எழுத்தில். நீங்கள் பிடித்து நிற்கிற பேனரும் அப்படித்தான், பஸ்ஸில் போகிறவன் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும், வாசகத்தைக் குறையுங்கள். நிற்கப் போகும் முன் வயிற்றுக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் போடு, போலீசிடம் சட்டம் பேசாதே.

உன் மகள் அங்கே என்னதான் வேலை செய்கிறாள் என்று நேற்று கிருஷ்ணப்பா கேட்டான். இத்தனை நாள் ஃபாரினில் ஆராய்ச்சி என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். நேற்று, சண்டை போட்டவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பைக்கு அவர்களையே பதில் சொல்ல வைக்கிறாள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் அவளும் நம்ம தொழில்தான் என்றான். உன் அம்மாவுக்கு இதில் எவ்வளவு பெருமை என்று நீ பார்க்கவேண்டும்.

நீயும் உன் கூட நிற்கிற பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஓசூர் பஸ் ஏறுகிறேன். இந்தக் கடிதத்தை ஹரிஷ் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்குப் போனில் அனுப்பிவிடுவான், அந்த ஒரு பக்கம் அதற்குள் வந்துவிடவேண்டும், அப்பாவை வெறுங்கையோடு அனுப்பாதே.

உன் அப்பா,
தனக்கோடி