மருவும் பேப்பர் கப்பும்

வெள்ளி, இரவு. இன்றைய குறிப்புகள்:

1. விரல் மருவை உறையவைத்தது.
2. அதை அருவருத்துத்தான் டீக்கடை செல்வி ஆறு மாதமாக எனக்கு மட்டும் பேப்பர் கப் தருகிறாள்.
3. அவளிடம் கேட்டது.

கும்மிடிப்பூண்டி டாக்டர் திரவ நைட்ரஜனைப் பீய்ச்சினார். மரு வெளுத்து உறைந்தது; பிறகு சுரீரென்று வலித்தது. "கூட யாரும் வரலையா சார்?" என்றார். இல்லை என்றேன்.

நேராகக் கடைக்குப் போய் செல்வியிடம் விரலைக் காட்டினேன். அப்போதும் பேப்பர் கப்தான். ஏன் என்று கேட்டுவிட்டேன்.

"இன்னா சார், நீங்கதானே அன்னிக்கு டம்ளரத் தூக்கித் தூக்கிப் பாத்துகினு இருந்தீங்க? கழுவுனது புடிக்கலன்னு நெனச்சேன். வாயத் தொறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?"

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். சூடு பட்டு விரல் எரிந்தது. கீழே வைக்காமல் குடித்தேன்.

அவள் அருவருக்கிறாள் என்று ஆறு மாதம் கடையில் ஓரமாகவே நின்றிருக்கிறேன். இரண்டாவது குறிப்பு தவறு.