அருள் அண்ணன் பாதியில் விட்ட பாடம்

அன்புள்ள அருள் அண்ணனுக்கு,

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போன மறுவாரம் நீங்கள் வேலை பார்த்த கல்லூரிக்குப் போனேன். "சார் இங்குட்டுதான் உக்காருவாக" என்று பியூன் அந்த ஒற்றைக் கணினியைக் காட்டினார். உங்களோடு படித்தவர்களுக்கு மின்னஞ்சலில் சாவுச் செய்தி அனுப்பினேன். நாலைந்து நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் வகுப்பு. மரபணுக்களைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்க்கும் படிப்பு. காரைக்குடியில் நீங்கள் ஒருவர்தான். மழை வந்தால் டெலிபோன் லைன் போய்விடுகிறது என்று எத்தனை நாள் புலம்பியிருப்பீர்கள்?

ஜெர்மனியிலிருந்து உங்கள் குழுவில் படிக்கும் ஹெல்கா பதில் எழுதினாள். உங்களுக்கு வந்தது மஞ்சள் காமாலை என்றுதானே வீட்டில் நம்பினோம்? உடம்பில் சேரும் செம்புச் சத்தை வெளியேற்ற முடியாமல் ஈரலில் தேக்கிவைக்கும் பரம்பரை நோயாம். அந்த நோய்க்கான மரபணுவையே நீங்கள் பாடத்துக்கு எடுத்திருந்தீர்களாம். கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், உடனே சோதித்துப் பார் என்று எழுதியிருந்தாள். ஜெர்மனிக்காரியிடம் சொன்னதை என்னிடம் ஏன் அண்ணே சொல்லவில்லை?

மதுரையில் சோதித்தார்கள். எனக்கும் இருக்கிறது. ஈரல் இன்னும் கெடவில்லை, ஆயுளுக்கும் மாத்திரை சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வேன் என்றார் டாக்டர். செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் கூடவே கூடாதாம். "உங்க அண்ணன்கிட்டயும் இதச் சொன்னேனேம்மா" என்றார்.

காமாலைக்கு நல்லது என்று அம்மா தினமும் காலையில் செம்புக் குடத்துத் தண்ணீரைத்தானே உங்களுக்குக் கொடுத்தாள்? கடைசிவரை நீங்களும் மறுபேச்சுப் பேசாமல் குடித்தீர்கள்.

நான் மதுரையிலிருந்து வந்த மறுநாள், "வெறும் வயித்துல குடி தாயி, உனக்கும் ஒடம்பு தேறணும்ல" என்று அம்மா அதே தண்ணீரை என்னிடம் நீட்டினாள். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்மா."

அழவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பேனா?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள்.

அவள் மனசு நோகக் கூடாது என்றுதானே நினைத்தீர்கள்? வந்து பாருங்கள், அவள் இருக்கும் இருப்பை.

உங்கள் இடத்தில் சேர்ந்துகொள்ளச் சொல்கிறாள் ஹெல்கா. அந்தப் பாடத்தை நான் முடிப்பேன். மாத்திரையை ஒருநாளும் விடமாட்டேன். எனக்கு என்ன வந்தாலும், எவ்வளவு மோசமாக இருந்தாலும், முதலில் அம்மாவிடம்தான் சொல்வேன்.

உங்கள் கூடப் பிறந்தவள்,
தெரசா