போத்தல் கன்றும் மணல் கன்றும்

கண்டி
10.08.2009

அன்புள்ள மச்சானுக்கு,

தொலைபேசியில் பேசினால் அம்மா, உங்கள் அருமை மாமி, இடையில் பிடுங்கிக்கொள்கிறா. அதனால்தான் கடிதம். மணலில் புதைத்த விதைத் தேங்காய்கள் முளைத்துவிட்டனவா? என் ஆராய்ச்சியின் பாதி அவைதான். தேங்காய்க்குள் இருக்கும் முளை, பருப்பின் எண்ணெயை உண்டு வளர்கிறது. இங்கே கண்ணாடிப் போத்தலில் நான் வளர்க்கும் முளைக்குக் கிடைப்பது சீனி கரைத்த தண்ணீர். இரண்டிலும் என்னென்ன கொழுப்பமிலங்கள் இருக்கின்றன என்று ஒப்பிட வேண்டும். கன்றுகளைப் பத்திரமாக பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். உள்ளே பஞ்சு போல இருக்கும் பூரானை யாரும் தோண்டித் தின்னக் கூடாது. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள்
கம்சாயினி

வந்தாறுமூலை
19.08.2009

அன்புள்ள கம்சாவுக்கு,

பூரானை நான் தொடவில்லை, மாமாங்கப் பிள்ளையார்மேல் சத்தியம். ஆனால் கன்றுகளும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த நேரம் மாமி எல்லாவற்றையும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி, வெல்லாவெளியில் இருக்கும் தன் தம்பி கந்தப்போடிக்கு அனுப்பிவிட்டா. அவருடைய தென்னைகள் சண்டையில் ஷெல் பட்டுத் தலையில்லாமல் நிற்கின்றனவாம். ஏன் மாமி என்று கேட்டேன்.

"முளைச்ச தேங்காயை வெட்டிப் பாக்கிறது பாவம் மனே. அவன்ட வளவில நிண்டா காய்க்கும்."

போத்தல் கன்று சீனித்தண்ணீரில் வாழ்கிறது என்றதும் அவவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு சொட்டுத் தேங்காப்பால் விடச் சொல்லு" என்றா. சொல்லிவிட்டேன்.

அன்புடன்
உதயரூபன்

கண்டி
27.08.2009

மச்சானுக்கு,

'அன்புள்ள' என்பதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். உங்களைக் காவல் வைத்த என்னைத்தான் சொல்ல வேண்டும். போய்த் தோண்டி எடுத்து வாருங்கள். இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. இன்னும் ஒரு வருடம் நான் இங்கே, நீங்கள் அங்கே. கல்யாணம் முடித்து நாம் ஒன்றாக இருந்ததைவிட நான் கண்டி பஸ்ஸில் இருந்ததுதான் அதிகம். அழுகையாக வருகிறது.

கம்சாயினி

வந்தாறுமூலை
06.09.2009

அன்புள்ள கம்சாவுக்கு,

மண்வெட்டியோடு வெல்லாவெளிக்குப் போனேன். ஆடு கடிக்காமல் ஒவ்வொரு கன்றுக்கும் உன் மாமா முள் அடைத்திருக்கிறார். மொட்டைத் தென்னைகளுக்கு நடுவில் அவை மட்டும்தான் பச்சை. என்னைக் கண்டதும், "குழி வெட்ட வந்தியா மனே? நல்ல காரியம்" என்றார். வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிடுங்க மனம் வரவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

உன் ஆராய்ச்சியையும் விளக்கினேன். கொஞ்சம் யோசித்தார். "எண்ணெயைத்தானே பாக்கணும்? எண்ணெயாவே தாறன், கொண்டு போ" என்றார். அந்தப் போத்தல் இத்துடன் வருகிறது.

உதயரூபன்

கண்டி
15.09.2009

அன்புள்ள மச்சானுக்கு,

எண்ணெயை விடுதியில் எல்லோரும் தலைக்கு வைத்துவிட்டோம். பேராசிரியர் கதையைக் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டு, திரும்பத் தொடங்கு என்றார். என்னால் முடியாது மச்சான். உங்களைப் பார்க்காமல் இன்னொரு வருடம் முடியாது. படிப்பை விட்டுவிட்டு வரட்டுமா? வா என்று ஒரு சொல் எழுதுங்கள், வருகிறேன்.

உங்கள்
கம்சா

வந்தாறுமூலை
24.09.2009

அன்புள்ள கம்சாவுக்கு,

வராதே.

நம்முடைய பக்கத்தில் கல்யாணம் முடித்தவன் பெண்டாட்டி வீட்டுக்குத்தான் போக வேண்டும். நானோ நீ இல்லாத வீட்டில் மாமியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன். கண்டிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இடமாற்றம் கேட்டிருந்தேன், தை மாதத்திலிருந்து தந்துவிட்டார்கள். விதைத் தேங்காய்களோடு வருகிறேன். நீ ஒரு வீடும் கொஞ்சம் மணலும் பார்த்து வை.

பெண்டாட்டி வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று நேற்று மாமியிடம் சொன்னேன். வழக்கம் என்று சொன்னதால் அவவால் மறுக்க முடியவில்லை. "அது ஆர்ர வீடு?" என்று மட்டும் கேட்டா. "உங்கட மகள் இரிக்கிற வீடு" என்றேன். எழுந்து போய், என் சூட்கேஸை இறக்கித் துடைக்கத் தொடங்கினா.

உன்
உதயரூபன்