சொத்தைக் கத்தரிக்காயிலும் பங்கு

அக்கா,

இன்று காலை கத்தரிக்காயை வெட்டினேன், உள்ளே புழு. மருமகள் முகம் சுளித்தாள். எனக்கு உங்கள் முகம்தான் முன்னால் வந்து நின்றது. அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பேரணாம்பட்டு ரோட்டில் இருக்கும் அந்தத் தோட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டதே நீங்கள்தான். பருவம் தொடங்கும்போதே சில குடும்பங்கள் பணம் கட்டிவிட வேண்டும். விளைவது எதுவோ, அது எல்லாருக்கும் பங்கு. முறை வைத்து ஞாயிற்றுக்கிழமை போய் வேலையும் செய்ய வேண்டும்.

"காசும் குடுத்து வேலையும் செய்யணுமா? இன்னாக்கா நியாயம் இது?" என்று கேட்டேன்.

"வாயால செய்ற வேலைய ஒரு நாளு கையால செய்யேண்டி" என்றீர்கள்.

என் முதல் முறை வந்த ஞாயிறு நீங்கள் சர்ச் முடிந்து, நான் அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு, ஒரே பஸ்ஸில் போனோம். பறித்த கத்தரிக்காயைப் பிரித்து வைக்கச் சொன்னார்கள். ஷூ கம்பெனியில் செக்கிங் பார்த்துப் பழகிய கை நமக்கு. கோணல், புள்ளி, ஓட்டை, எல்லாவற்றையும் ரிஜெக்ட் என்று தள்ளினோம். நிமிர்ந்து பார்த்தால் நல்லதைப் போட்ட கூடையில் அடிகூட மூடவில்லை.

தோட்டக்காரத் தம்பி குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார். "மருந்து அடிக்கலக்கா, அதான் இப்டி. போன வாரமே பங்குக்காரங்க பேஜார் பண்ணாங்க. இன்னிக்கும் இதான்னா எல்லாரும் நின்னுடுவாங்க. அப்பறம் நெலத்த தோல் குடோனுக்குத்தான் வுடணும்." அவர் மனைவி உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் பங்குக்காரர்கள் பையோடு வந்தார்கள். ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. நீங்கள் எழுந்து போய், நாம் தள்ளிய குவியலிலிருந்தே முந்தானையில் அள்ளிக்கொண்டீர்கள்.

"இது இன்னா எக்ஸ்போர்ட் ஷூவா? புழுவ கிள்ளிப் போட்டுட்டு கொழம்பு வெய்ங்க. சேந்து வெச்ச வெள்ளாம. நல்லா வந்தா மட்டும் பங்கு, சொத்தையா வந்தா அவருக்கா?"

பிறகு ஒரு பாய் வீட்டு அம்மா பையை விரித்தார். "எனக்குப் போடுங்க. பிரியாணிக்குத் தொட்டுக்க எங்க வூட்ல கத்தரிக்கா ஜாஸ்தி ஆவும்." அதன்பின் குவியல் கரைந்தது.

உங்கள் அடக்கத்துக்கு அந்தத் தம்பி வந்திருந்தார். கல்லறை ஓரமாக நின்று, "அக்கா இல்லன்னா அன்னிக்கே நெலம் போயிருக்கும்" என்றார். நிலம் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. உங்கள் முறைக்கும் நானே போகிறேன்.

இத்தனை வருஷமாக, என் வீட்டுக்கு நல்லதைக் கொடு தாயே என்றுதான் அம்மனிடம் வேண்டினேன். இப்போது அந்த வார்த்தை வாயில் வருவதில்லை. எதைக் கொடுத்தாலும் எல்லாருக்குமாகக் கொடு என்று கேட்கிறேன். உங்கள் கர்த்தரிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அக்கா.